எர்த்துக்கு ஓர் ஆள்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு ஒருநாள் வெட்கத்திலிருந்து விடுதலையைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றாவது கண்டுபிடிப்பு எங்கே நிகழ்ந்தது என்று வருங்கால வரலாற்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். மதுரையிலிருந்து சிவகங்கை போகும் சாலையில், ஸ்ரீ சிந்தாமணிநாயகம் பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரியில், மின் இயந்திர ஆய்வகத்தின் மூலை மேஜையில் நிகழ்ந்தது. ஆராய்ச்சிக்கு அந்த மேஜையைத் தேர்ந்தெடுத்த காரணம், அதற்கு மேலே இருந்த மின்விசிறி மட்டுமே ஓடும் என்பதுதான். மின்னியல் துறையிலேயே மின்விசிறி ஓடாதது குறித்து அங்கே யாரும் வெட்கப்பட்டதாகத் தகவல் இல்லை.

கண்டுபிடிப்பின் நோக்கமும் அப்படியொன்றும் மகத்தானதல்ல. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு நல்ல தலைப்புகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. சோலார் என்று தொடங்குகிற தலைப்புகளை முன்பெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். விபத்தைத் தடுக்கும் ஹெல்மெட்டை வழக்கம்போலப் பல பேட்ச்கள் எடுத்திருந்தன. மீதிப் பேர் டவுனில் ஒரு கடைக்குப் போய், பெட்டியில் போட்டுத் தருகிற ப்ராஜெக்டை வாங்கிவந்து, அது என்ன செய்யும் என்று பெட்டிமேல் எழுதியிருந்ததை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

நம் கதையின் பேட்சில் நால்வர். விக்னராஜ் லீடர். அவன் எப்படி லீடர் ஆனான் என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. முதல் கூட்டத்தில், "நானே லீடரா இருந்துக்கிறேன், உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் டீ சொல்லப் போய்விட்டான். ஜெபஸ்டின் சால்டரிங் அயர்ன் பிடிப்பவன், எல்லோருக்கும் ஜெபா. மெஹருன்னிசா ப்ரோகிராம் எழுதுபவள். நான்காவது ஆள் அழகுமீனா. அவள் ரிப்போர்ட்.

ஒவ்வொரு பேட்சிலும் ரிப்போர்ட் என்று ஒருவர் இருப்பார். டைப் அடிப்பது, ஸ்பைரல் பைண்டிங் போடுவது, கையெழுத்துக்காக சாரைத் தேடி மாடிமாடியாக அலைவது, வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று வெளிக் கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளருக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் தலையில். பிறகு மேடையில் நிற்கும்போது அவர் ஓரத்தில் நிற்பார்.

முதல் ரிவ்யூவில் மீனாவால் ஓரத்தில்கூட நிற்க முடியாமல் போனது. துறைத்தலைவர் கோமதிநாயகம்தான் இவர்களுக்கு கைடு. ஆங்கிலத்தில் உன்னைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லும்மா என்றார். அவள் வாயைத் திறந்தாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக் காது மடல்வரை வந்து நின்றது. ப்ரொஜெக்டர் வெளிச்சம் முகத்தில் விழ, அப்படியே நின்றாள். கடைசியில் கோமதிநாயகம்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வைவாவுலயும் இப்படி நின்னேன்னா, எக்ஸ்டர்னல் பெயில் போட்டுட்டுப் போயிருவாரும்மா. அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஓசூரில் ஒரு மோட்டார் தொழிற்சாலை மீனாவை வேலைக்கு எடுத்திருந்தது. எழுத்துத் தேர்வு மட்டும் வைத்து எடுத்தார்கள், அதனால் பிழைத்தாள். ஜூலையில் சேர வேண்டும். ஒரே நிபந்தனை, ஒரு அரியர்கூட, அதாவது தேறாத பாடம் ஒன்றுகூட, இருக்கக்கூடாது.

ரிவ்யூ முடிந்து கேன்டீனில் உட்கார்ந்தபோது அவள் பஜ்ஜியைத் தொடவில்லை.

"விடு மீனா," என்றான் ஜெபா. "நான்தான் பேசுனேன். என்ன கிழிஞ்சுச்சு? டிரான்ஸ்ஃபார்மர்னு சொல்ல வந்து டிராக்டர்னு சொன்னேன்."

"நீ ஏதோ ஒண்ணு சொன்ன. எனக்கு வார்த்தையே வரலப்பா. பதில் தெரியும். நின்னதும் எல்லாரும் என் செருப்பையே பாக்குற மாதிரி இருந்துச்சு."

"யாரும் பாக்கல."

"தெரியும். அதத்தான் சொல்றேன். தெரிஞ்சும் வரல."

மெஹர் டீ டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "பல்லு புடுங்குறப்ப மரத்துப் போக ஊசி போடுறாங்கல்ல. அது மாதிரி கூச்சத்த மட்டும் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்க முடியாதா? வைவா முடியிற வரைக்கும்?"

விக்னராஜ் எழுந்து நின்றான். "இதுதான் நம்ம ப்ராஜெக்ட். இத நான் ரொம்ப நாளாவே யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

கோமதிநாயகம் உடனே சம்மதித்தார். "சமுதாயத்துக்குப் பயன்படுற மாதிரி இருக்கு. டைட்டில மட்டும் கொஞ்சம் நீளமா வைங்க," என்றார். அட்டையில் இரண்டு வரி வரும்படி வைத்தார்கள்.

கருவி எளிமையானது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு கிளிப். வெட்கம் வரும்போது அந்த இடத்து நரம்பில் ஒரு துடிப்பு ஓடுகிறது; கிளிப் அதைப் பிடித்து லேப்டாப்புக்கு அனுப்பும்; லேப்டாப் அதற்கு நேர் எதிரான துடிப்பைத் திருப்பி அனுப்பி அமுக்கிவிடும். இவ்வளவுதான் கொள்கை. அது வேலை செய்யும் என்று நால்வரில் யாரும் நம்பவில்லை. ப்ராஜெக்ட் என்றால் வேலை செய்ய வேண்டும் என்று அந்தக் கல்லூரியில் விதி எதுவும் இல்லை.

ஆனால் அது வேலை செய்தது. ஒரு மத்தியானம் ஜெபா கிளிப்பை மாட்டிக்கொண்டு, ஆய்வகத்தில் இருந்த இன்னொரு பேட்ச் பெண்களுக்குக் கேட்கும்படி தன் மார்க் ஷீட்டை உரக்க வாசித்தான். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல வாசித்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு கிளிப்பை மெஹர் மாட்டியிருந்தாள். அவள்தான் துப்பட்டாவை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கு ஏன்டா கூசுது?"

"நீ என்ன பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணல. உன் மார்க்குதான்."

ஜெபா மின்னியல் மாணவன் என்பது அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. "மெஹர், இது அமுங்கல. இங்க குறையிறது அங்க ஏறுது. கரண்டு மாதிரி. இல்லாமப் பண்ண முடியாது, இடம்தான் மாத்த முடியும். இதுக்கு ஒரு எர்த் வேணும்."

ஆய்வகத்துக்குப் பின்னால் எர்த் குழி இருந்தது. கட்டடத்தில் எங்கே மின்சாரம் கசிந்தாலும் வாங்கிக்கொள்வதற்காக, உப்பும் கரியும் கொட்டிப் புதைத்த இரும்புக் குழாய். அதில் வயரைச் சுற்றி ஜெபா மறுபடி மார்க்கை வாசித்தான். இந்த முறை அவனுக்கே காது சிவந்தது. மண் வாங்கவில்லை. பிறகு கேன்டீன் நாய்க்குக் கிளிப்பை மாட்டிப் பார்த்தார்கள். அது ஒருமுறை சொறிந்துகொண்டு, இவர்கள் கண் முன்னாலேயே ஹெச்.ஓ.டி.யின் பைக்கின்மேல் காலைத் தூக்கியது. நாயும் வாங்கவில்லை.

"மனுசன்தான் வாங்குவான் போல," என்றாள் மெஹர்.

"யாராவது ஒருத்தர் எர்த்தா இருக்கணும்," என்றான் ஜெபா. "மிச்சப் பேரோட வெட்கம் பூரா அவங்களுக்குப் போயிரும்."

விக்னராஜ் மேஜைமேல் ஏறி உட்கார்ந்தான். "உணர்ச்சிவசப்படாம லாஜிக்கலா யோசிப்போம். நான் ப்ரெசன்டேஷன் குடுக்கணும். நான் எர்த்தா இருந்தா டீமே கவுந்துரும். மெஹர் லேப்டாப்ல உக்காரணும். ஜெபா ஹார்டுவேர், அவன் கை நடுங்குனா ஷார்ட் ஆயிரும்."

லாஜிக் அத்துடன் நின்றது. அதற்குமேல் டீமில் ஆளே இல்லை என்பதுபோல, ஓரத்தில் நின்ற மீனாவைப் பார்க்காமல் மூவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"இத அவளுக்காகத்தான செஞ்சோம்?" என்றாள் மெஹர்.

"அவளுக்காகத்தான்," என்றான் விக்னராஜ். "இல்லன்னு யாரு சொன்னா? இந்தா, இந்த ஸ்விட்ச திருப்புனா எர்த் மாறி என் பக்கம் வந்துரும். மீனா கடைசியா பேசட்டும். நாங்க பேசுற வரைக்கும் அவ தாங்கட்டும். அவ டர்ன் வர்றப்ப திருப்பி விட்டுட்டு நான் தாங்குறேன். அப்புறம் லீடர்ங்கிறது எதுக்கு? சத்தியமாப்பா."

"அதோட எர்த்துக்கு ஈர மண்ணுதான் சரி," என்றான் ஜெபா. "காஞ்ச மண்ணு கரண்ட வாங்காது. நம்மள்ல யாரு ஈரம்?" வேடிக்கையாகத்தான் சொன்னான். யாரும் சிரிக்காததால் மறுபடி சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டான்.

"சரிப்பா," என்றாள் மீனா. "எனக்குப் பழக்கம்தான்."

ஆக, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அன்று மாலை ரிப்போர்ட்டில், தேவையான பொருட்கள் என்ற தலைப்பின் கீழ், கிளிப், வயர், லேப்டாப் ஆகியவற்றுக்கு அடுத்த வரியில் மீனா தன்னையும் டைப் செய்தாள்: எர்த், ஓர் ஆள்.

முன்னோட்டமாக ஒருநாள் ஜெபா கிளிப்புடன் கோமதிநாயகத்தின் அறைக்குள் போனான். மீனா எர்த் கிளிப்பை மாட்டிக்கொண்டு ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தாள். மெஹர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சார், எங்க ரிப்போர்ட்ட நீங்க படிக்கல," என்றான் ஜெபா. குரலில் சண்டையில்லை, வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலிருந்தது. "கையெழுத்து மட்டும் போட்டீங்க. நடுவுல ஒரு பக்கத்துல மெஹர் அவங்க வீட்டு தால்ச்சா பண்ற முறைய ஒட்டி வச்சிருக்கா. நீங்க பாக்குறீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான். நானும் அதப் படிக்கல சார். எனக்கு அந்த சேப்டரே புரியல. இத்தன வருசத்துல எனக்கு மோட்டார் ஏன் சுத்துதுன்னே தெரியாது."

கோமதிநாயகம் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "பையனுக்கு நல்ல கான்ஃபிடன்ஸ் வந்திருச்சு," என்று வாசலில் நின்ற மெஹரிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

ஆய்வகத்துக்குத் திரும்பும் வழியில் மெஹர் யோசித்துக்கொண்டே வந்தாள். "கூச்சம் போனா நல்லா அளந்துவிடுவன்னு நெனச்சேன். நீ என்னடான்னா உண்மையப் பேசுற."

"பொய் சொல்லணும்னே தோணல. தெரியலன்னு சொன்னா வெட்கம்னுதான பொய் சொல்றோம். அது இல்லன்னா பொய் எதுக்கு?"

"கேட்டா நல்லாத்தான் இருக்கு."

மீனா முழங்கையை மேஜையில் ஊன்றி நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் மெஹர்.

"யாரு வீட்டுக் கல்யாணத்துக்கோ கூப்பிடாமப் போயி, பந்தியில உக்காந்துட்ட மாதிரி. இலைல சோறும் விழுந்துருச்சு. எந்திரிக்கவும் முடியல."

"இப்பப் போயிருச்சா?"

"இல்ல."

"போயிரும்," என்றான் விக்னராஜ். அவன் அப்போதுதான் உள்ளே வந்திருந்தான்.

வைவா அன்று தேர்வாளராக வந்தவர் டாக்டர் அம்பலவாணன். கல்லூரிக் காரில் வந்து இறங்கினார். அவருக்கு முன்னால் ஒருவர் கதவைத் திறக்க, பின்னால் ஒருவர் பையைத் தூக்க, நடுவில் அவர் தம் அறிவை மட்டும் சுமந்துகொண்டு நடந்தார். வந்ததும் முந்திரிப்பருப்பு, பிறகு சாத்துக்குடி ஜூஸ். மதியத்துக்கு மட்டன் பிரியாணி பக்கத்து அறையில் மூடிவைக்கப்பட்டு மணந்துகொண்டிருந்தது. அதை மீனா காலையிலேயே மேலூர் போய் வாங்கிவந்திருந்தாள்.

நால்வரும் கிளிப் மாட்டிக்கொண்டு நின்றார்கள். மீனாவுக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டார்கள். எர்த் உட்கார்ந்திருப்பது நல்லது என்று ஜெபா சொன்னான்.

முதலில் விக்னராஜ். பிரமாதமாகப் பேசினான். இந்தச் சிந்தனை தனக்கு ஒரு பேருந்துப் பயணத்தில், ஜன்னலோரம், மழையில் உதித்தது என்றான். இரவு பகல் பாராமல் தானே சர்க்யூட் வரைந்ததாகவும், டீமைக் கைபிடித்து நடத்திச் சென்றதாகவும் சொன்னான். "கிராமப்புற மாணவர்களின் கண்ணீரைத் துடைப்பதே என் லட்சியம் சார்," என்றபோது கோமதிநாயகம் தலையாட்டினார்.

அடுத்து மெஹர். "இந்த இடத்துல ஃபில்டர் ஏன் போட்டீங்க?" என்று கேட்டார் அம்பலவாணன்.

"இன்டர்நெட்ல இருந்துச்சு சார். எடுத்துப் போட்டேன். வேலை செஞ்சுச்சு. ஏன் செஞ்சுச்சுன்னு தெரியாது."

நாற்காலியில் மீனா கைக்குட்டையை எடுத்தாள்.

ஜெபாவிடமும் ஒரு கேள்வி. "தெரியாது சார்," என்றான் அவன். "எரிஞ்சது போக மிச்சம் இருந்த சாமானத்த வச்சுக் கட்டுனது. பக்கத்து பேட்ச் டப்பால இருந்தும் கொஞ்சம் எடுத்தோம். கேக்காமத்தான் எடுத்தோம்."

அம்பலவாணன் பல ஆண்டுகளாக வைவா எடுப்பவர். தெரியாது என்ற பதிலை இவ்வளவு நிம்மதியான முகத்தோடு அவர் கேட்டதில்லை. "அப்ப மெஷின் நெசமாவே வேலை செய்யுதா?" என்றார். "எனக்கு ஒண்ணு மாட்டுங்க பாப்போம்."

ஜெபா ஐந்தாவது கிளிப்பை அவர் காதுக்குப் பின்னால் மாட்டினான். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தோள்கள் தளர்ந்தன. முகத்தில் இருந்த டாக்டர் பட்டம் மெல்ல இறங்கிப்போனது.

"நல்லாருக்கு. லேசா இருக்கு," என்றார். "உங்க ரிப்போர்ட்ட நான் பிரிக்கவே இல்ல. நான் யாரு ரிப்போர்ட்டயும் பிரிக்கிறதில்ல. கையில தூக்கி கனத்தப் பாத்து மார்க் போடுவேன்."

கோமதிநாயகம் சத்தமாகச் சிரித்தார். "சார் தமாஷா பேசுவாரு."

"தமாஷ் இல்லங்க. என்னோட தீசிஸ் நான் எழுதுனது இல்ல. என்கிட்ட ஒரு பையன் இருந்தான், ராஜபாளையத்துப் பையன். அவன்தான் எழுதுனான். நன்றின்னு ஒரு பக்கம் போடுவோம்ல, அதுலகூட அவன் பேர நான் போடல. போட்டா கேள்வி வரும்ல."

ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் அது மீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ராஜபாளையத்துப் பையனை அவள் பார்த்ததில்லை. ஆனால் அவன் வீட்டு வாசலில், அவன் கதவைத் திறந்துவிடுவானோ என்று பயந்து நிற்பதுபோல அவளுக்கு உடம்பு கூசியது. நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கடைசிப் பொண்ணு பேசலையே?" என்றார் அம்பலவாணன்.

அவள் முறை வந்துவிட்டது. ஸ்விட்ச் விக்னராஜின் கைக்கெட்டும் தூரத்தில், மேஜைமேல் இருந்தது. மீனா அவனைப் பார்த்தாள்.

"விக்னா. ஸ்விட்ச்."

அவன் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினான். "சாரு டெமோல இருக்காருப்பா. நடுவுல மாத்துனா அவருக்கு டிஸ்டர்ப் ஆகும். நீ சும்மா ரெண்டு வார்த்த பேசு, போதும்."

"முடியலப்பா. திருப்பு."

"இந்தப் பொண்ணு என்ன செஞ்சுச்சு ப்ராஜெக்ட்ல?" என்று கேட்டார் அம்பலவாணன்.

விக்னராஜ் நிமிர்ந்தான். "ரிப்போர்ட் டைப் பண்ணாங்க சார். இன்னிக்கு லஞ்ச் அரேஞ்ச்மென்ட்டும் அவங்கதான்."

"அவதான் சார் எர்த்," என்றாள் மெஹர், அதே வெயில் அடிக்கிற குரலில். "நாங்க சொன்னதுக்கும் நீங்க சொன்னதுக்கும் சேத்து அவதான் வெட்கப்பட்டுக்கிட்டு இருக்கா. அதனால அவளால இப்ப பேச முடியாது. பேசவிட்டா எங்க எல்லாரையும்விட நல்லாச் சொல்லுவா. இந்த லேப்டாப்ப மூடுனா எல்லாம் நின்னுரும். மூடணும்னு எனக்குத் தோணல."

"தப்புதான்," என்றான் ஜெபா. "ஆனா எனக்கும் தோணல."

அம்பலவாணன் ஆர்வத்துடன் மீனாவைப் பார்த்தார். "அப்படியா. நான் எப்பவும் ஒருத்தர நிறுத்துறது வழக்கம்மா. எல்லாரையும் பாஸ் போட்டா இவன் சும்மா பிரியாணி திங்க வந்தான்னு நெனப்பாங்க. பேசுறவங்கள நிறுத்துனா நாளைக்கு வந்து கேள்வி கேப்பாங்க. பேசாதவங்க கேக்க மாட்டாங்க. அதனால உன்ன நிறுத்துறேன்."

சொல்லிக்கொண்டே பல்கலைக்கழக இணையதளத்தில் மார்க்கை ஏற்றினார். ஏற்றினால் ஏற்றியதுதான், திருத்துகிற வசதி அதில் கிடையாது.

அந்த நேரத்தில், ஓர் ஆசிரியர் தெரிந்தே ஒரு மாணவியின் பிழைப்பில் கைவைக்கும்போது அவருக்கு வந்திருக்க வேண்டிய வெட்கம் முழுவதும், வழி தவறாமல், குறையாமல், மீனாவிடம் போனது. கருவி அவ்வளவு துல்லியமாக வேலை செய்தது. அவள் எழுந்து நின்றாள். வைவா தொடங்கியதிலிருந்து தேர்வாளரிடம் அவள் பேசிய ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்.

"மன்னிச்சிருங்க சார்."

அந்த மன்னிப்பு அவருடையது. அவளிடம் கேட்கப்பட்டிருக்க வேண்டியது.

"பரவால்லம்மா," என்றார் அவர்.

கிளிப்புகளைக் கழற்றினார்கள். கழற்றியபின் அம்பலவாணன் பழையபடி டாக்டர் ஆனார். தான் சொன்னது, செய்தது எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. ஆனால் வேறு ஊரில் யாரோ செய்ததைப் பேப்பரில் படித்ததுபோல இருந்தது. அதற்கான வெட்கம் ஏற்கெனவே பட்டு முடிக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது முறை வராது. கைகழுவப் போனார்.

மீனாவின் கிளிப்பைக் கழற்ற மெஹர் வந்தாள். மீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதக் கழட்டுனா அவங்கவங்களுக்குத் திரும்பப் போயிருமா?"

"போகாது மீனா. வந்தது வந்ததுதான்."

"அப்பக் கழட்டு."

பக்கத்து அறையில் இலை போட்டாகிவிட்டது. பரிமாறுவது ரிப்போர்ட்டின் வேலை. போகாமல் இருந்துவிடலாம் என்று மீனா நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைத்ததற்கே முகம் எரிந்தது. போய்ப் பரிமாறினாள். அம்பலவாணனுக்கு இரண்டாம் தடவை தயிர்ப்பச்சடி வைத்தாள்.

"நல்ல பொண்ணு," என்றார் அவர் கோமதிநாயகத்திடம். "கொஞ்சம் பேசப் பழகணும்."

சாப்பாடு முடிந்து கார் போனபின், பையை எடுப்பதற்காக மீனா ஆய்வகத்துக்கு வந்தாள். மெஹரும் ஜெபாவும் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடந்ததை நினைத்து வெட்கப்பட இருவரும் கிளிப்பைக் கழற்றியதிலிருந்து முயன்றுகொண்டிருந்தார்கள். வரவில்லை. வராததை நினைத்தபோது மட்டும் லேசாக என்னவோ வந்தது.

கோமதிநாயகம் வேகமாக உள்ளே வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"அம்பலவாணன் சாரோட மச்சினர் கம்பெனி வச்சிருக்காராம். போன்லயே பேசிட்டாரு. அவங்க ஆளுக தினம் கஸ்டமர்ட்ட கூசாமப் பேசியாகணும், ஒவ்வொருத்தனுக்கும் மனசு உறுத்துதாம், வேலையில நிக்க மாட்டேங்குறாங்களாம். இந்த மெஷின் வேணுமாம். ஃப்ளோருக்கு ஒரு எர்த் போடணும். நல்லா வெட்கப்படுற பிள்ளைங்களா வேணும்னு கேட்டாரு. நம்ம காலேஜ்ல அதுக்கா பஞ்சம், எல்லாம் கிராமத்துப் பிள்ளைங்கன்னு சொல்லிட்டேன். மீனா, மொத போஸ்ட் உனக்குத்தாம்மா."

"ஓசூர்ல சேர முடியாதுல்ல சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அரியர் இருந்தா அது முடியாதும்மா. ஆனா இதுக்கு அரியரெல்லாம் பாக்க மாட்டாங்க. நீ பேசக்கூட வேணாம். உக்காந்தா போதும்."

அவர் போனதும் விக்னராஜ் மீனா பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மனசுல வச்சுக்காத மீனா. நான் சத்தியம் பண்ணேன், இல்லங்கல. ஆனா கிளிப்பு போட்டிருந்தேன்ல. அந்த நேரத்துல வெட்கமே இல்லாமப் போச்சுப்பா. அது நான் இல்ல. மெஷினு."

"நாங்களும்தான் போட்டிருந்தோம்," என்றாள் மெஹர். "எங்களுக்குப் பொய்யே வரல. உனக்கு எப்படி பஸ்ஸு, மழைன்னு அவ்வளவு வந்துச்சு?"

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும் போல. இதப் பத்தித் தனியா ஆராய்ச்சி பண்ணணும்."

மீனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் காலையிலிருந்து இருந்த சிவப்பு அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

"நீயா செய்யலன்னா சரிப்பா," என்றாள். "அதத்தான் நெனச்சுக்கிட்டே பரிமாறுனேன். மெஷின்னா பரவால்ல." பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். விக்னராஜ் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

ஜெபா கிளிப்புகளை டப்பாவில் அடுக்குவதற்காக ஒவ்வொன்றாகத் திறந்து பேட்டரியை வெளியே எடுத்தான். தன்னுடையதில் இருந்தது. மெஹருடையதில், மீனாவுடையதில் இருந்தது. தேர்வாளருக்கு மாட்டியதிலும் இருந்தது. காலையில் அதற்குப் பேட்டரி போதாமல் வேறொன்றிலிருந்து கழற்றிப் போட்டவன் அவன்தான். கழற்றிய இடத்தில் புதிது போட மறந்துவிட்டான்.

விக்னராஜின் கிளிப்பில் பேட்டரி இல்லை.